சென்னியப்பன் தைத்த காதுமெத்தை

மூன்றாம் கவிகையில் காலையில் கண் விழிப்பவர்கள் முதலில் தேடுவது தங்கள் காதை. படுக்கைக்கு மேலே ஆணியில் தொங்கும் செவிமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "எப்படிக் கேக்குது?" என்பார்கள். "நல்லாக் கேக்குதுங்க" என்று பதில் வந்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். வழியில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்வி, இதே பதில். பூமியில் இருந்தவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நடந்த மாதிரிதான் இதுவும்.

செவ்வாயில் இதெல்லாம் சகஜம். கவிகை என்கிற அந்தப் பெரிய குடைக்கூரைக்கு அடியில் நிரப்பியிருக்கும் காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு விட அது போதும், பேசப் போதாது. வாயிலிருந்து புறப்பட்ட குரல் நாலு முழம் போவதற்குள் நீர்த்துவிடும். போதாக்குறைக்குக் காற்றைச் சுற்றிவிடும் விசிறிகள் வருடம் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லோர் கழுத்திலும் ஒரு பேச்சுவாங்கி, எல்லோர் காதிலும் ஒரு செவிமூடி. வெறுங்காதோடு வெளியே வருவதும் வேட்டி இல்லாமல் வெளியே வருவதும் அங்கே ஒன்றுதான்.

நிர்வாகம் பங்கீட்டில் கொடுக்கும் செவிமூடி தளச்சவ்வு வகையைச் சேர்ந்தது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு சவ்வு, அதன்மேல் நெளிநெளியாக ஓர் உலோகக் கோடு, இரண்டு பக்கமும் காந்தப் பட்டைகள். கோட்டில் மின்சாரம் ஓடினால் சவ்வு முழுவதும் ஒரே சீராக அசைந்து ஒலி எழுப்பும். பூமியில் அது நல்ல பொருளாகத்தான் இருந்திருக்கும். அங்கே அடர்ந்த காற்று சவ்வை இரண்டு புறமும் பிடித்து அடக்கி வைக்கும். இங்கே காற்று மெலிவு. அடக்க ஆளில்லாத சவ்வு, சொல் முடிந்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருக்கும். 'ச' என்ற எழுத்து வந்தாலே காதுக்குள் ஊசி இறங்கும். கூடக் கொடுக்கும் காதுமெத்தையோ மட்டமான நுரை. ஆறே மாதத்தில் அப்பளமாகிவிடும்.

இந்த மலிவுச் சரக்கை மனிதன் மாட்டுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதில் சென்னியப்பனை அடித்துக்கொள்ள மூன்றாம் கவிகையில் ஆள் கிடையாது. அவர் பம்ப் பிரிவில் மெக்கானிக். அவருடைய முன்னோர்கள் ஐந்து தலைமுறைக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் பம்ப் ஓட்டுவதற்காக வந்தவர்கள். அந்தக் கவிகையில் முக்கால்வாசிப் பேரும் அப்படி வந்தவர்கள்தான். வேலை முடிந்ததும் சென்னியப்பன் தன் அறையில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட விண்ணுடையின் உள்துணியை வெட்டி, வளையமாகத் தைத்து, நுரையை அடைத்துக் காதுமெத்தை செய்வார். சவ்வுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி கூடினால் குரல் விரியும், குறைந்தால் நெருங்கும். பின்புறத் துளைகளில் ஒன்றிரண்டை ஒட்டுத்தாளால் மூடினால் அடித்தொனி ஏறும், எல்லாவற்றையும் மூடினால் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். பம்ப் மூடிக்குப் போடும் கம்பளத் துண்டைச் சீவி, சவ்வைச் சுற்றி வைத்தால் நடுக்கம் அடங்கும். ஆஸ்பத்திரிப் பஞ்சில் ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை, மேலே பரப்பினால் அந்த ஊசி மழுங்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் வித்தை. அது சென்னியப்பனுக்குக் கைவந்திருந்தது.

கூடவே ஒரு வியாதியும் வந்திருந்தது. இருபது வருடம் குரலை மட்டுமே கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் அது எப்படிக் கேட்கிறது என்பதிலேயே அவருடைய மனம் போய் நின்றுவிடும். ஒருமுறை பம்ப் நின்றுபோனதற்காக மேலதிகாரி அவரை அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சென்னியப்பன், "உங்க குரல் இன்னிக்கு நல்ல கனமா வருதுங்க" என்றார். மேலதிகாரியும் மூன்றாம் கவிகைக்காரர்தானே, பூரித்துப்போய்விட்டார். இரண்டு பேரும் அதன்பிறகு மெத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பம்ப் அப்படியே கிடந்தது.

அவர் கை படாத செவிமூடி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் மனைவி மயிலாத்தாளுடையது. அடுத்த வாரம் செய்து தருகிறேன் என்று சொல்லத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அருக்காணி. செவ்வாயில் பழைய பெயர்கள் திரும்ப வந்து நாகரிகமாகிவிட்டிருந்தன. பூமிக் கணக்கில் அவளுக்கு இருபத்தொன்பது வயது. நாலு இடம் பார்த்து நாலும் தட்டிப்போயிருந்தது. நாலுமே குரல்பொருத்தத்தில்தான் தட்டின.

குரல்பொருத்தம் ஏற்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. புழுதிக்காலம் வந்தால் எட்டு மாதம் ஒரு குடும்பம் பத்தடிக்குப் பத்தடி அறையைவிட்டு வெளியே வர முடியாது. முதல் தலைமுறையில் கல்யாணமான புதிதில் கொஞ்சிக்கொண்டு உள்ளே போன ஜோடிகளில் பாதி, புழுதி அடங்கியதும் ஆளுக்கொரு திசையாக வெளியே வந்தன. ஒருவர் குரலை ஒருவரால் தாங்க முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் புகார். நிர்வாகம் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தது. பெண்ணும் பிள்ளையும் தனித்தனிக் கூண்டில் அமர்ந்து, அவரவர் செவிமூடியில் இருபது நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். நெற்றியில் ஒட்டிய எரிச்சல்மானி, கேட்பவர் மூளையில் எவ்வளவு எரிச்சல் எழுகிறது என்று அளக்கும். எரிச்சல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும், பழகுவதற்கான முதல் ஐந்து நிமிடம் கணக்கில் வராது. பத்துக்கு ஏழு வந்தால் கல்யாணம். ஏழுக்குக் கீழே என்றால் அடுத்த இடம் பார்க்க வேண்டியதுதான். என்ன பேசுகிறார்கள் என்பதை அப்போது யாரும் கேட்கக் கூடாது. அது அவர்களுடைய அந்தரங்கம். பெற்றவர்கள் வெளியே உட்கார்ந்து சுவரில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாளாக ஆக, ஏற்பாடு சடங்காகி, சடங்கு கௌரவமாகிவிட்டது. 'அவர் பொண்ணுக்கு எட்டரையாம்' என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு விருந்தில் முன்வரிசை. அருக்காணிக்கு வந்தவை மூன்று, நாலேகால், மூன்றரை, ஐந்து. பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பும் குரல் மாதிரிக்கு ஏற்ப அவளுடைய செவிமூடியைச் சென்னியப்பன் ஒவ்வொரு முறையும் திருத்தித்தான் அனுப்பினார். அப்படியும் ஏறவில்லை. ஊரே காது கேட்க அவரிடம் வந்து நிற்க, சொந்த மகளுக்கு ஐந்தைத் தாண்ட முடியவில்லை என்பது அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கல்யாணம் ஆகாமல் முப்பதைத் தாண்டியவர்களை நிர்வாகம் வடதுருவப் பனிநிலையத்துக்கு அனுப்பும். பனியைத் தோண்டித் தண்ணீர் அனுப்பும் வேலை. போனவர்கள் ஆறு வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. பேச்சலை அவ்வளவு தூரம் எட்டாது, எழுத்துச் செய்திதான். மகள் குரலைக் கேட்காமல் ஆறு வருடம் இருப்பதை நினைத்தாலே சென்னியப்பனுக்குக் ஊசி தடம் மாறி விரலில் குத்திவிடும்.

அருக்காணிக்கு அந்தப் பயம் இல்லை. அவள் தண்ணீர்ப் பிரிவில் படித்தவள். துருவத்துப் பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அனுப்புவார்கள் என்று காத்திருக்காமல் அவளே விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அப்பா கம்பளம் சீவிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, துருவத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அனுமதியும் வந்துவிட்டது என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். சென்னியப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வந்தது. முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள். சென்னியப்பன் முகம் மலர்ந்தது.

"இப்பப் பாரு, அந்தக் கரகரப்பு போயிருச்சு. எடது பக்கம் பஞ்சு கொஞ்சம் கூடிப்போச்சாட்ட இருக்குது."

அருக்காணி எழுந்து போனாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

ஐந்தாவது இடத்தைத் தானாவதி கொண்டுவந்தது. தானாவதி என்பது பூமியில் கல்யாணம் பேசி முடிப்பவருக்கு அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயர். இங்கே அந்த வேலையை ஓர் இயந்திரன் பார்த்தது. வழக்கத்தை விடக் கூடாதென்று அதன் தோளில் மஞ்சள் பை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். ஐந்தாம் கவிகைப் பையன், பெயர் செங்கோடன், பாசித்தொட்டிப் பிரிவில் வேலை, குணம் தங்கம் என்று ஒப்பித்துவிட்டு, குரல் மாதிரியை எடுத்து நீட்டியது.

சென்னியப்பன் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பையனுடைய சகரம் ஒவ்வொன்றும் காற்றுக்குழாய் ஒழுகுவது போல இருந்தது. அருக்காணியின் காதுக்கு அது இரண்டைத் தாண்டாது. ஆனால் தானாவதி இன்னொரு செய்தியும் சொன்னது. பையனின் செவிமூடியும் பங்கீட்டுச் சரக்குதான். சென்னியப்பன் கையால் அதையும் திருத்திக் கொடுத்தால் தங்களுக்குப் பெரிய சந்தோஷம் என்று பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொருத்த அதிகாரி பார்ப்பது வெளிமுத்திரையை மட்டும். மெத்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தக் காலத்திலும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இரண்டு காதும் தன் கைக்கு வந்துவிட்டது என்றதும் சென்னியப்பனுக்கு ஆவேசம் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வேறு வேலை ஓடவில்லை. மகளுக்கு ஆழமான மெத்தை. உள்பக்கம் மென்துணி, வெளிப்பக்கம் கெட்டித்துணி. பின்துளை ஒன்பதில் நாலை மூடி, கேட்டுப் பார்த்து, ஒன்றைத் திறந்தார். கம்பள வளையம் அரை மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கிறதென்று மூன்று முறை சீவினார். பையனுக்கு வேறு கணக்கு. அருக்காணி கொஞ்சம் மூக்கால் பேசுவாள். அதற்கு நடுத்தொனியைத் தாழ்த்த வேண்டும். அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எதையாவது பேசச் சொன்னார். அவளும் சலிக்காமல் துருவத்துக்குப் போகும் பனிவண்டி எந்தக் கிழமை கிளம்புகிறது, என்னென்ன எடுத்துப்போகலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பஞ்சைக் கூட்டிக் குறைத்தார்.

பொருத்தம் பார்க்கும் நாள் வந்தது. இரு வீட்டாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பொருத்த அதிகாரி ராசாமணி இரண்டு செவிமூடிகளின் முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். சுவரில் இரண்டு கோடுகள் ஓடத் தொடங்கின. சிவப்பு அருக்காணி, நீலம் செங்கோடன்.

முதல் மூன்று நிமிடம் இரண்டும் உச்சியில் நின்றன. மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய துளையில் ஒன்றைத் திறந்திருக்கக் கூடாதோ என்று சென்னியப்பனுக்கு மனம் அடித்துக்கொண்டது. நாலாவது நிமிடத்தில் நீலக் கோடு திடீரென்று சரிந்தது. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி நேராகக் கீழே போய்த் தரையைத் தொட்டது. அரை நிமிடம் கழித்துச் சிவப்பும் அதே மாதிரி விழுந்தது. அப்புறம் பதினாறு நிமிடம் இரண்டும் தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

ராசாமணி எரிச்சல்மானி பழுதாகிவிட்டதென்று நினைத்துத் தன் நெற்றியில் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். அது ஒழுங்காக வேலை செய்தது. பொருத்தம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வராத எண் சுவரில் வந்து நின்றது. பத்துக்குப் பத்து.

சென்னியப்பன் எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டார். பிள்ளை வீட்டார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாலாவது நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம், உடம்புச் சூட்டில் மெத்தை இளகிக் காதோடு பொருந்த அவ்வளவு நேரம் ஆகும், பஞ்சு படிய இன்னும் அரை நிமிடம் என்று விளக்கம் சொன்னார். அது ரொம்பவும் சரியாகத்தான் பட்டது.

கூண்டிலிருந்து அருக்காணி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. செங்கோடனும் சிரித்தான். இரண்டு பேரும் நேராக ராசாமணியிடம் போய், எங்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை, பேசி முடிவு செய்துவிட்டோம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். ராசாமணி நல்ல மனிதர். படிவத்தைத் திரையில் காட்டினார். ஏழுக்குக் கீழே வந்தால்தான் மறுப்புக்கான கட்டம் திறக்கும். பத்து வந்திருக்கும்போது அது பூட்டித்தான் கிடக்கும், தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த மெத்தைத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அன்றிலிருந்து சென்னியப்பனுக்கு ஓய்வில்லை. பத்துக்குப் பத்து வாங்கிய செவிமூடி மாதிரியே எங்களுக்கும் என்று வாசலில் வரிசை நின்றது. நிர்வாகமே நாற்பது ஜோடி கேட்டது. ஒன்றைப் போல இன்னொன்றைச் செய்ய வேண்டுமானால், ஒரே குரலை எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் வழி இருந்தது. பொருத்தம் கூடினால், அந்த இருபது நிமிடப் பதிவை ஞாபகப் பொருளாகப் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலோர் அதைக் கேட்காமலே பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். சென்னியப்பன் தன் செவிமூடியில் போட்டுக் கேட்டார்.

முதல் மூன்று நிமிடத்தில் உருப்படியாக ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமுவதும், விசிறிச் சத்தமும், அப்பா அம்மா நலமா என்பதும்தான். நாலாவது நிமிடத்தில் அருக்காணி ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பேசினாள்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. சத்தியமாச் சொல்றனுங்க, வேண்டாமுங்க."

அடுத்து செங்கோடனின் குரல். "அப்பாடா. எனக்கும் வேண்டாமுங்க. எங்க தொட்டியில வேல செய்யற ஒரு புள்ளயத்தான் நான் கட்டிக்கலாம்னு இருக்கறன். வீட்ல சொன்னா ஒருத்தரு காதுலயும் ஏற மாட்டேங்குது."

பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மீதி நேரமெல்லாம் அவள் பனியைப் பற்றிப் பேசினாள், அவன் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினான்.

சென்னியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகளுடைய அந்த இரண்டு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. 'சம்பந்தம்', 'சத்தியம்' என்று குத்தக்கூடிய சகரம் வரிசையாக வருகிறது, ஒன்றுகூடக் குத்தவில்லை. 'வேண்டாமுங்க' என்பதில் அந்த ணகரம் உருண்டு, மகரத்தில் இறங்கி, இழைந்து நிற்கிறது. ஒரு செவிமூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான வாக்கியத்தை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தனியாக வைத்துக்கொண்டார். அன்று மட்டும் எண்பது தடவை போட்டுக் கேட்டிருப்பார்.

மயிலாத்தாள் ஆசையாகத் தனக்கும் கொடுக்கச் சொல்லி வாங்கிக் கேட்டாள். அவளுடையது மெத்தை நசுங்கிய பழைய செவிமூடி. ஒரே தடவைதான் கேட்டாள்.

"ஏனுங்க, அவ வேண்டாங்கறாளுங்க."

"உன்ற செவிமூடியில அப்படித்தான் கேக்கும் மயிலா. அதுல எல்லாமே கொற சொல்றாப்லதான் இருக்கும். கல்யாணம் முடியட்டும், மொத வேலையா உனக்குத்தான் செஞ்சு தாரேன்" என்றார் சென்னியப்பன். அவருக்கு உண்மையிலேயே அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

மயிலாத்தாள் உள்ளே போய், மகளுடைய கம்பளிச் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணம் அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று குறித்தார்கள். துருவத்துக்குப் பனிவண்டி அதே புதன்கிழமை காலை ஆறு மணிக்கு. அருக்காணி ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஓடிப்போகும் எண்ணமே அவளுக்கு இல்லை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு முறையாகப் போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். மாமனிடம் சொன்னாள். "அடேங்கப்பா, எவ்வளவு தெளிவாக் கேக்குது" என்றார் மாமன். அவர் தலையில் சென்னியப்பன் கொடுத்த புதுச் செவிமூடி இருந்தது. அத்தையிடம் சொன்னாள், அத்தை கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். பக்கத்து அறைக்காரர்களிடம் சொன்னாள். தானாவதியிடம் சொன்னாள், பத்து வந்த கோப்பு முடிந்துவிட்டது என்று அது மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னாள். நாளைக்குக் காலையில் ஆறு மணி வண்டிக்குப் போகிறேன், ஆறு வருடம் கழித்து வருவேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அவள் குரல் கம்மியது.

சென்னியப்பன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியது.

"கல்யாணப் பொண்ணு அழுவலாமா சாமி? இரு, அந்தக் கம்மல் தெரியாத மாதிரி பண்ணிப்போடலாம்."

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோருடைய செவிமூடியிலும் வரவேற்பாக அந்தப் பதிவைப் போட்டிருந்தார்கள். 'எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க' என்று மணப்பெண்ணின் குரல் முந்நூறு பேர் காதில் ஒரே நேரத்தில் ஒலித்தது. ஜனங்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் சிலர், தங்கள் வீட்டுச் செவிமூடியையும் இதை வைத்துத்தான் திருத்த வேண்டும், ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்பதரைக்குத்தான் பெண் இல்லை என்பது தெரிந்தது. பிள்ளையும் இல்லை. அவன் காலையிலேயே ஐந்தாம் கவிகைப் பதிவகத்தில் பாசித்தொட்டிப் பெண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே அவன் தன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். கூடம் கொந்தளித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் இல்லையா, பெரியவர்களிடம் இப்படியா மூடி மறைப்பது என்று மாமன் குதித்தார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். ராசாமணி மட்டும், பத்து வந்த பிறகு இப்படி நடந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து, மத்தியானம் சென்னியப்பனும் மயிலாத்தாளும் அறைக்குத் திரும்பினார்கள். அருக்காணியின் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. ஆணியில் அவள் செவிமூடி இல்லை; எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சென்னியப்பன் அந்த ஆணிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் அவளை உயிருக்கு உயிராக வளர்த்தவர். அதில் பொய்யே இல்லை. பதிவை எடுத்துத் தன் செவிமூடியில் போட்டுக்கொண்டார். மகளின் குரல் சுத்தமாக, குளிர்ச்சியாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னு என்ற கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல மயிலா? நான் என்ன அவளத் தின்னுபோடுவனா?"

மயிலாத்தாள் அவரைப் பார்த்தாள். பதிவை அவளுடைய செவிமூடிக்கும் சேர்த்தே போட்டிருந்ததால், அவள் காதிலும் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"சொன்னாளுங்க. இதா, இப்பக்கூடச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறா."

சென்னியப்பன் கையைத் தூக்கி அவளை அடக்கினார். "சித்தெ பேசாத இரு புள்ள. அந்த 'ம்' எறங்கற எடம் வருது."

கேட்டு முடித்துவிட்டுச் செவிமூடியைக் கழற்றினார். வலது பக்கத்து மெத்தையைப் பிரித்து, உள்ளிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து வெளியே வைத்தார்.